பேய்க்கு எறிந்த மொச்சை

திருச்சி,
4.2.1982

அமலியின் அப்பாவுக்கு,

எங்கள் பள்ளிக்கு ஜப்பானிலிருந்து ஒரு சிஸ்டர் வந்திருக்கிறார். அவர்கள் ஊரில் குளிர்காலம் முடியும்போது யாராவது ஒருவர் பேய் முகமூடி மாட்டிக்கொள்வாராம். பிள்ளைகள் வறுத்த பயறை எறிந்து, "பேயே, வெளியே போ" என்று விரட்டுவார்களாம். நேற்று எங்கள் பள்ளியிலும் வறுத்த மொச்சையை வைத்துக் கொண்டாடினோம். நான்தான் பேய்.

பொன்மலைப் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்திருந்தார்கள். வரிசையில் அமலி நின்றாள். நீங்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு நேற்றுதான் பார்க்கிறேன். முன்பல் விழுந்திருக்கிறது.

பிள்ளைகள் சிரித்துச் சிரித்து எறிந்தார்கள். நானும் பயந்த மாதிரி ஓடினேன். எல்லாம் முடிந்ததும், அவள் என்னைப் பார்க்கட்டும் என்று முகமூடியைக் கழற்றினேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டார்கள். அமலி மட்டும் தரையில் கிடந்த மொச்சையைப் பொறுக்கி என் முகத்தில் எறிந்தாள்.

"விளையாட்டு முடிஞ்சிருச்சும்மா," என்றார் பாக்கியமேரி டீச்சர்.

"இல்ல டீச்சர், இவங்க நெஜப் பேய். அப்பா சொன்னாங்க."

டீச்சர் கையை ஓங்கிவிட்டார். நான்தான் தடுத்தேன். சொல்லிக் கொடுத்ததைச் செய்கிற பிள்ளையை எதற்கு அடிப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் பார்க்க அனுமதி கேட்டு நான் போட்ட வழக்கை இன்று காலை வாபஸ் வாங்கிவிட்டேன். வக்கீல் திட்டினார். எறிந்ததும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதை அவர் பார்க்கவில்லை.

இனி நான் வரமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். பயமில்லாமல் தூங்கட்டும்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்