அறுபது நாளும் நாற்பத்தாறு நாளும்: வெற்பெயில் அவைக்கு முத்தலைத்துறை விடுத்த மறுமொழி

அலை ஓயாத துறையும் வளையாத கோலும் உடைய முத்தலைத்துறை மன்னர் திரைவேலரின் திருவாணைப்படி, அவர்தம் ஓலைநாயகமும், கூலக்கடைத் தெருவில் பிறந்து பேரம் பேசுவோர் நடுவே வளர்ந்து வணிகர்க்குரிய எட்டிப் பட்டம் பெற்றவனுமாகிய அமைச்சன் பெருஞ்சேந்தன், மேகம் வாசலில் நின்று வழி கேட்கும் உயரத்தில் கோட்டை கொண்ட வெற்பெயில் வேந்தர் வேள் வெண்கோடனார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் மலைகளில் தேன் குறையாதிருக்க. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் குடைநிழலில் குடிகள் அச்சமின்றி உறங்குக. தங்கள் அவையோர்க்கு எண்ணும் திறம் விரைவில் வாய்க்க.

தேவரீர் அவையிலிருந்து வந்த ஓலையைப் பெற்றோம். அதைச் சுற்றியிருந்த பட்டு நல்ல பட்டு. அதைப் பற்றி எமக்குக் குறையொன்றும் இல்லை. குறையெல்லாம் உள்ளே இருந்ததைப் பற்றியதே.

எம் மன்னரின் திருமகளும் தேவரீரின் பட்டத்தரசியுமாகிய கயல்நங்கையை, மணம் முடிந்த நாற்பத்தாறாம் நாளில், தங்கள் அரண்மனை மருத்துவச்சி வள்ளாத்தாள் நாடி பிடித்தும் நாள் கேட்டும் பார்த்து, அரசிக்கு அறுபது நாள் கர்ப்பம் என்று உரைத்தாளாம். உடனே தங்கள் அவைச் சோதிடராகிய பெருங்கணி விச்சாதரர் தரையில் கோடு கிழித்து, அறுபதில் நாற்பத்தாறு போகப் பதினான்கு என்று கண்டாராம். கழித்தல் பிழையின்றி வந்திருக்கிறது. அதற்காக அவரைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் பதினான்கை ஏந்திக்கொண்டு அவைக்கு ஓடி, மணநாளுக்குப் பதினான்கு நாள் முன்பே கரு உண்டாயிற்று என்றும், ஆகவே அது வேந்தரின் கரு அன்று என்றும் அவர் முழங்கினாராம். அதனால் அரசியை வடக்கு மாளிகையில் அடைத்து, மருத்துவச்சியை வாயிலுக்கு வெளியே நிறுத்தி, வரும் முழுமதி நாளில் மூடுபல்லக்கில் ஏற்றித் தகப்பன் வீட்டுக்கு அனுப்புவதென்றும், பிறக்கும் பிள்ளைக்கு வெற்பெயில் அரியணையில் உரிமையில்லை என்றும் தங்கள் ஓலை கூறுகிறது.

சீர்வரிசைப் பட்டியலில் எழுதாத பொருளொன்றும் கூடவே வந்துவிட்டது என்று தங்கள் படைத்தலைவர் சொல்ல, அவை முழுதும் சிரித்தது என்பதை எம் தூதன் எழுதியிருக்கிறான். சிரித்தவர் பெயர்களையும் எழுதியிருக்கிறான். எம் படைத்தலைவர்கள் அதைக் கேட்டு யானைகளை அவிழ்க்கச் சொன்னார்கள். யானைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது, முதலில் எனக்கு ஓர் ஓலை எழுத நேரம் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டவன் அடியேன்.

வள்ளாத்தாளிடம் தங்கள் அவை கேட்டது ஒரே கேள்வி: எத்தனை நாள் என்பது. எந்த நாளிலிருந்து எண்ணி அறுபது என்று அவள் சொல்ல வாய் திறந்தபோது, தொப்புள்கொடி அறுப்பவள் பெருங்கணிக்கு எண் கற்பிக்க வேண்டாம் என்று விச்சாதரர் அவளை வெளியே போகச் சொன்னாராம். அவளும், எண்ணத் தெரியாதவரிடம் எண்ணிக்கையைச் சொன்னது தன் பிழைதான் என்று சொல்லிவிட்டு நடந்தாளாம். தங்கள் அவையில் அன்று பேசப்பட்டவற்றுள் அறிவுடைய சொல் அது ஒன்றே.

ஆகவே அவள் சொல்ல வந்ததை நான் சொல்கிறேன். நானாகச் சொல்லவில்லை, எம் துறையில் நாற்பது ஆண்டுகளாகப் பிள்ளைப்பேற்று மனை நடத்தும் சீருடையாளைக் கேட்டு எழுதுகிறேன். கருச்சிதைவுற்ற தாய்மார் நம்பி ஒப்படைத்தவற்றைத் தெளிந்த உப்புநீரில் மிதக்கவிட்டு, கடல் கடந்து வந்த பளிங்குவில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உற்றுநோக்கி, நாள் நாளாகக் குறித்துவைத்தவள் அவள். தங்கள் ஓலையை அவளுக்குப் படித்துக் காட்டியபோது முதலில் சிரித்தாள். மூடுபல்லக்கு என்ற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்தினாள். இதைக் கேட்க என்னைத் தேடி வரவேண்டுமா ஐயா, இரண்டு பெற்ற எவளைக் கேட்டாலும் சொல்வாளே என்று அவள் கூறினாள்.

அவள் கூறியது இது. கரு எந்த நாழிகையில் உண்டாயிற்று என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிவது, கடைசியாக எந்த நாள் மாதவிலக்காகி வீட்டுக்குத் தூரமானாள் என்பது மட்டுமே. ஆகையால் மருத்துவச்சிகள் எல்லோரும், மலையில் இருந்தாலும் கடற்கரையில் இருந்தாலும், அந்த நாளிலிருந்தே எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையின் முதல் இரண்டு வாரத்தில் வயிற்றில் கருவே கிடையாது. எங்கள் துறையில் கப்பற்பயணத்தின் நாளைச் சரக்கேற்றத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவோம். பாய் விரிக்கும்வரை கப்பல் கரையிலேதான் நிற்கும். அந்த நாட்களில் கப்பல் எந்தத் தீவில் ஒதுங்கியிருந்தது என்று ஒருவர் வந்து விசாரித்தால், எங்கள் மூட்டை தூக்குவோரே அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பெருங்கணி விசாரித்தது அதைத்தான்.

தூரமான நாளிலிருந்து ஏறக்குறையப் பதினான்காம் நாளில்தான் பெண்ணின் உடலில் கருமுட்டை ஒன்று முதிர்ந்து வெளிப்படுகிறது. வேல்முனையால் தொட்ட புள்ளியினும் சிறியது; ஒரு பகலும் ஓர் இரவுமே உயிர்ப்போடு இருப்பது. ஆணின் விந்திலிருந்து எண்ணற்ற வீரர்கள் புறப்படுகிறார்கள். பெரும்பாலோர் வழியிலேயே மாண்டுபோக, மிஞ்சியவருள் ஒருவன் மட்டும் உள்ளே புகுகிறான். புகுந்த உடனே முட்டை தன் கதவைச் சாத்திக்கொள்கிறது. தங்கள் கோட்டைக் காவலைவிட அந்தக் காவல் செம்மையானது என்று சீருடையாள் சொன்னாள், நான் மறுக்கவில்லை.

தங்கள் பெருங்கணியோ, விந்துக்குள்ளேயே கையும் காலும் முகமுமாக ஒரு குட்டி மனிதன் மடங்கி உட்கார்ந்திருக்கிறான் என்றும், தாய் வெறும் நிலம் என்றும், அவன் அங்கே பருத்துக்கொண்டே போகிறான் என்றும் அதே ஓலையில் எழுதியிருக்கிறார். அப்படியானால் அந்தக் குட்டி மனிதனின் விந்துக்குள்ளும் இன்னொரு குட்டி மனிதன் உட்கார்ந்திருக்க வேண்டும், அவனுக்குள்ளே இன்னொருவன், இப்படிப் போனால் வெற்பெயிலின் வருங்கால மன்னர்கள் அனைவரும், தங்கள் அரியணைக்கு ஆளுக்கொரு கணியரோடு, இப்போதே ஒருவருக்குள் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டிருக்க வேண்டும். மூச்சு முட்டுகிறது.

உண்மையில் அங்கே மனிதன் இல்லை. தாயிடமிருந்து பாதியும் தந்தையிடமிருந்து பாதியும் சேர்ந்த ஒரே ஓர் உருண்டை இருக்கிறது. அது இரண்டாகிறது, இரண்டு நான்காகிறது, நான்கு எட்டாகிறது. மூன்று நான்கு நாளில் முசுக்கட்டைப் பழம்போலத் திரண்டு, குழல்வழி உருண்டு கருப்பைக்கு வருகிறது. ஆறேழு நாளில் கருப்பைச் சுவரில் புதைந்து வேர்பிடிக்கிறது. பிறகு மூன்று அடுக்காக விரிகிறது: மேலடுக்கிலிருந்து தோலும் மூளையும் நரம்பும், நடுவடுக்கிலிருந்து எலும்பும் தசையும் குருதியும், உள்ளடுக்கிலிருந்து குடலும் ஈரலும் நுரையீரலும் உண்டாகின்றன. மூன்று வாரம் கடந்ததும், முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லாதபோதே, இதயம் துடிக்கத் தொடங்கிவிடுகிறது. நான்காம் வாரத்தில் கைகால்கள் மொட்டுகளாக முளைக்கின்றன. அப்போது வாலும் உண்டு; பின்னர் மறைந்துவிடும். எல்லோருக்கும் மறைந்துவிடுமா என்று நான் கேட்டேன். பெருங்கணியைத் தான் நேரில் பார்த்ததில்லை என்று சீருடையாள் மறுமொழி கூறினாள்.

வள்ளாத்தாள் நாடி பார்த்த அந்த நாளில், தங்கள் பிள்ளை ஓர் அவரைவிதை அளவே இருந்தது. துடுப்புப்போல் இருந்த கைகளில் விரல்கள் பிரியத் தொடங்கியிருந்தன. ஆணா பெண்ணா என்று வெளியே பார்த்துச் சொல்ல இன்னும் ஒரு திங்களுக்கு மேல் ஆகும். அந்த அவரைவிதையின் மீதுதான் தங்கள் அவை விசாரணை நடத்தித் தீர்ப்பும் எழுதியிருக்கிறது.

இவையெல்லாம் கடற்கரைப் பெண்களின் கதை என்று அவையோர் சொல்லக்கூடும். சொல்லட்டும். தங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு: திருமணத்துக்கு நாள் குறிக்குமுன், மணமகள் கடைசியாகத் தூரமான நாளைப் பெண்வீட்டார் ஓலையில் எழுதி முத்திரையிட்டுப் பெருங்கணியிடம் தரவேண்டும், மணநாள் அந்த நாட்களில் விழுந்துவிடக் கூடாதென்பதற்காக. எங்களுக்கு அது கூச்சமாக இருந்தது. ஆனாலும் எழுதித் தந்தோம். தந்தவன் நானே, கை நீட்டி வாங்கியவர் விச்சாதரரே. அந்த ஓலை இன்றும் அவர் பெட்டியில் இருக்கிறது. திறந்து பார்க்கட்டும். மணநாளுக்குச் சரியாகப் பதினான்கு நாள் முன் என்று அதில் எழுதியிருக்கும். எந்த நாளில் எங்கள் இளவரசி பிறன் ஒருவனோடு கூடினாள் என்று அவர் அவையில் பழி சுமத்தினாரோ, அந்த நாளில் அவள் தூரமாகி ஒதுங்கியிருந்தாள். அது இந்த உலகில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். அங்கிருந்து எண்ணி, கருத்தரிக்க மிகவும் உகந்த நாளாகப் பார்த்து மணநாளைக் குறித்துக் கொடுத்தவரும் அவரே. தெரியாமல் செய்த நன்மைக்கும் நன்றி சொல்வது எங்கள் தெருவின் பழக்கம்.

இனி ஒன்றைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் வணிகன் மகன் அல்லேன்.

தங்கள் கோட்டை வாயிலில் ஒரு வெற்றிக்கல் நிற்கிறது. தங்கள் தந்தையார் இரண்டாண்டு ஆற்றுக்கு அப்பால் பகைவரை முற்றுகையிட்டிருந்து வென்று, ஐப்பசி முதல் நாளில் தம் கோட்டைக்குத் திரும்பி நுழைந்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. சொற்களை யாத்தவர் விச்சாதரர். தங்கள் குலக்கோயிலில் ஒரு செப்பேடு இருக்கிறது. தேவரீர் அடுத்து வந்த ஆனி இருபத்தேழாம் நாளில், இருநூற்றெண்பது நாள் நிறைந்து, குறையின்றிப் பிறந்தீர்கள் என்று அதில் பொறித்திருக்கிறது. நாளைச் சொன்னவள் வள்ளாத்தாளின் தாய். பொறிக்கச் சொன்னவர், மறுபடியும், விச்சாதரர். கல்லுக்கும் செப்பேட்டுக்கும் இடையே உள்ள நாட்கள் இருநூற்று அறுபத்தாறு. பெருங்கணி தமக்குப் பிடித்த கழித்தலை இங்கேயும் செய்து பார்க்கட்டும். பதினான்கு வரும். அந்தப் பதினான்கு நாளும் தங்கள் தந்தையார் ஆற்றுக்கு அப்பால் இருந்தார்.

இதற்குமேல் எழுத என் எழுத்தாணி மறுக்கிறது. எம் மன்னரும் நானும் தேவரீரின் பிறப்பில் ஒரு துளியும் ஐயம் கொள்ளவில்லை. ஏனெனில் நாங்கள் மருத்துவச்சிகள் எண்ணும் முறையில் எண்ணுகிறோம். அந்த எண்ணில் தேவரீர் தங்கள் தந்தையாரின் மைந்தர். கயல்நங்கையின் வயிற்றில் இருப்பது தங்கள் பிள்ளை. பெருங்கணியின் எண்ணைக் கொண்டால், பல்லக்கு ஒன்று போதாது. தாயாரின் பெயருக்கு நேர்வதும் அரசியின் பெயருக்கு நேர்வதும் ஒன்றே. நிற்பதானால் இரண்டும் நிற்கும், விழுவதானால் இரண்டும் விழும். எந்த எண் வேண்டும் என்பதைத் தேவரீரே தேர்ந்துகொள்க.

ஆகவே எம் மன்னர் ஆணை: முழுமதிக்கு முன்னே வடக்கு மாளிகையின் கதவு திறக்கப்படுக. மருத்துவச்சி வள்ளாத்தாள் முன்வாயில் வழியே அழைத்துவரப்பட்டு, பிள்ளை பிறக்கும்வரை அரசியின் அருகே இருக்க. அதுவரை கருவைப் பற்றி அவையில் வாய் திறக்க அவள் ஒருத்திக்கே உரிமை உண்டாக. அன்று சிரித்தவர்கள் அனைவரும் அதே அவையில், அதே இருக்கைகளில் அமர்ந்திருக்க, இந்த ஓலை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை உரத்த குரலில் படிக்கப்படுக. வெற்றிக்கல்லும் செப்பேடும் வரும் இடத்தில் படிப்பவர் குரல் தாழாதிருக்க.

படிப்பவர் பெருங்கணி விச்சாதரராக.

முத்தலைத்துறைக் கடல்மாளிகையில், நங்கூரப் பொறியிட்டு, மன்னர் திருமுன் முடிச்சிட்டு, எட்டி பெருஞ்சேந்தன் எழுதினேன். யானைகள் இன்னும் கட்டுத்தறியிலேயே நிற்கின்றன.