மாமாவின் சைக்கிளுக்கு ஒரு ரேக்

சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பூசைக்கு வந்து, பிரசங்கத்தின் நடுவில் பாதரையே ஒரு நிமிடம் திணறவைத்த என் அன்பு மாமாவுக்கு,

ரேக் வாங்கிவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். நீங்கள் கேட்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நீங்கள் போய் ஏழு மாதம். மாப்பிள்ளைக்கு என்ன அவசரம் என்று அங்கே நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நானும் ஸ்டெல்லாவும் விவேக் நகர் வீட்டுக்குச் சாப்பிட வருவோம். உங்கள் மகள் நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். நீங்கள் என்னைக் கையைப் பிடித்து, ஹாலில் சாய்த்து வைத்திருக்கும் கியர் சைக்கிள் பக்கம் கூட்டிப்போவீர்கள்.

"மாப்பிள்ளை, காருக்குப் பின்னால சைக்கிள் மாட்டுற அந்த ரேக்கு, பாத்தீங்களா?"

"பாத்துட்டே இருக்கேன் மாமா."

"இந்த டிராஃபிக்ல ஊருக்கு வெளிய ஹெசரகட்டா வரைக்கும் மிதிச்சிட்டுப் போனா நான் நேரா மேல போயிடுவேன். கார்ல கொண்டுபோய் இறக்கிவிட்டா போதும். அங்க ரோடு காலியா கெடக்கு."

கடைசியில் நீங்கள் மேலே போனது தூக்கத்தில், டிராஃபிக்குக்குச் சம்பந்தமே இல்லாமல்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தது பொய்யில்லை. ஹோட்டலில் தோசையா பூரியா என்பதைக்கூட எக்செல்லில் போட்டுப் பார்க்காமல் முடிவெடுக்கத் தெரியாத ஐ.டி. ஆசாமி நான். பதினோரு ரேக்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது விதமான மார்க். கூரை மேல் மாட்டும் வகை என்றால் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். அது மேலே இருப்பதையே மறந்து நான் அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டுக்குள் நுழைந்துவிடுவேன் என்று ஸ்டெல்லா அடித்துச் சொன்னாள். இன்னொரு வகைக்குக் காருக்கு அடியில் இரும்புக் கம்பி வைத்து முறுக்க வேண்டும். மூன்றாவது, டிக்கிக் கதவில் பட்டை போட்டுக் கட்டுவது. சுலபம்தான். ஆனால் பெயிண்டில் கீறல் விழுகிறது என்று யாரோ ஒருவர் எழுதியிருந்தார்.

அந்த ஒரு வரியில் நான் ஆறு மாதம் நின்றேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் மாமா. புதுக் கார், கீறல் விழுமே என்ற பயம். அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லத் தைரியமில்லாமல், "இன்னும் ரெண்டு மாடல் வரப்போகுதாம் மாமா" என்று இழுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் நம்பினீர்களா, இல்லை தெரிந்துதான் விட்டுவிட்டீர்களா?

இப்போது அத்தை விஷயம். நீங்கள் போனபிறகு அவர் எங்கேயும் போவதில்லை. தெருமுனையில் இருக்கும் கோயிலுக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றால் கால் வலி. சரி, டாக்டரிடம் போகலாம் என்றால் கால் வலி நின்றுவிடும். சிவாஜிநகருக்குத் துணி எடுக்கக் கூப்பிட்டும் அசையவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "அம்மா இப்படியே ஒடுங்கிப்போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு" என்று ஸ்டெல்லா என்னிடம் அழுதாள். அத்தை விடாமல் செய்த ஒரே வேலை உங்கள் சைக்கிளைத் துடைப்பது. செயினுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறார். கோபப்படாதீர்கள்.

போன மாதம் அப்படித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மாப்பிள்ளை, அந்த ரேக்கு என்னாச்சு?"

"இப்ப எதுக்கு அத்தை?"

"வாங்குங்க. இத அவரு சொன்ன ரோட்டுக்குக் கொண்டுபோவணும். நானும் வரேன்."

ஸ்டெல்லா கரண்டியோடு ஓடிவந்தாள். நானும் வரேன்! ஆறு மாதமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. இனி எக்செல்லைத் திறந்தால் லேப்டாப் உங்களோடு வந்து சேர்ந்துவிடும் என்று உங்கள் மகள் எனக்குச் சொல்லிவிட்டாள். மறுநாளே பட்டை வகையை வாங்கினேன்.

ஆனாலும் பழக்கம் விடுமா? எடுத்த எடுப்பிலேயே உங்கள் சைக்கிளை அதில் தொங்கவிட மனசு வரவில்லை. முதலில் ஒரு அரிசி மூட்டையை ரேக்கில் கட்டிக்கொண்டு பேஸ்மெண்டைச் சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில் செக்யூரிட்டி கை காட்டி நிறுத்தினார். "சார், டிக்கி காலியாத்தானே இருக்கு? மூட்டய உள்ள வெக்கலாமே?" நியாயமான கேள்வி. நாலாவது சுற்றில் பட்டை நழுவி மூட்டை தரையில் வெடித்தது. கொக்கிகளைத் தலைகீழாக மாட்டியிருந்தேன். இரண்டு நாளைக்கு எங்கள் பேஸ்மெண்டில் புறாக்களுக்கு அசன விருந்து.

அடுத்தது மந்திரிப்பு. புது வண்டி வாங்கினால் வியாழக்கிழமை கோயிலில் மந்திரிக்காமல் நம் வீட்டில் யாரும் சாவியைத் தொடமாட்டார்களே. ரேக்குக்கும் அதே சட்டம் என்றார் அத்தை. நவநாள் ஜெபக் கூட்டத்தில் ஆட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவே வரிசையில் நின்றோம். சின்ன பாதர் தீர்த்தத்தோடு வந்து காரைப் பார்த்தார்.

"இத ஏற்கெனவே மந்திரிச்சேனே?"

"கார் இல்ல பாதர், ரேக்கு" என்றார் அத்தை.

"அப்ப சைக்கிள்?"

"அது அவரு வாங்குனப்பவே ஆச்சு. ரேக்குக்கு மட்டும் போதும்."

பாதர் புத்தகத்தைப் புரட்டினார். ரேக்குக்கு என்று தனி ஜெபம் கிடையாதாம். கொஞ்சம் யோசித்து, இதில் ஏறுவதெல்லாம் பத்திரமாக இறங்கட்டும் என்று சொந்தமாக ஒன்று சொல்லித் தெளித்தார். அரிசியை நினைத்து நான் சத்தமாக ஆமென் சொன்னேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். எலகங்கா தாண்டியதும் ஒரு டிராஃபிக் போலீஸ் ஓரம் கட்டச் சொன்னார். "நம்பர் பிளேட் எல்லி சார்?" நம்பர் எங்கே என்கிறார். இறங்கிப் போய்ப் பார்த்தால், உங்கள் சைக்கிள் சக்கரம் பிளேட்டை முழுசாக மறைத்துக்கொண்டு நிற்கிறது. ஒன்பது விதமான மார்க்கில் ஒன்றில்கூட இது இல்லை மாமா! எனக்குத் தெரிந்த கன்னடம் "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி", அதாவது கொஞ்சம் அனுசரித்துப் போங்கள், என்பது மட்டும்தான். அதைப் போலீஸிடம் சொல்லக்கூடாது என்கிற அறிவு மட்டும் இருந்தது.

பின்சீட்டுக் கண்ணாடி இறங்கியது. "நம்ம யஜமான்ரு சைக்கலு சார். அவரு ஹோக்பிட்ரு" என்று ஆரம்பித்தார் அத்தை. என் வீட்டுக்காரர் சைக்கிள், அவர் போய்விட்டார், அவர் ஆசைப்பட்ட ரோட்டுக்குக் கொண்டுபோகிறோம், இந்த மாப்பிள்ளை நல்லவர்தான் ஆனால் விவரம் போதாது. ஏழு மாதம் பேசாததை எல்லாம் அந்த மனிதரிடம் கன்னடத்தில் கொட்டினார். அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்போதைக்கு ஒரு அட்டையில் நம்பர் எழுதிக் கட்டுங்கள், அடுத்த தடவை ஒழுங்கான பிளேட் வேண்டும் என்றார். காரில் கிடந்த ஒரு கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து, ஸ்டெல்லாவின் லிப்ஸ்டிக்கால் நம்பர் எழுதி, சைக்கிளில் கட்டிக்கொண்டு போனோம்.

ஹெசரகட்டா ரோடு நீங்கள் சொன்னபடியே காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் புல்வெளி. நான் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவது, அத்தை பார்ப்பது, பிறகு ஒரு ஜெபம், இட்லி. இதுதான் நான் போட்டிருந்த திட்டம். சைக்கிளை இறக்கிக் காலைத் தூக்கினேன்.

"நீங்க எதுக்கு ஏறுறீங்க?" என்றார் அத்தை.

சேலைக்குப் பதிலாக ஸ்டெல்லாவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். குளிருக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

"அவரு எனக்கு ஓட்டக் கத்துக்குடுக்கறேன்னாரு மாப்பிள்ளை. நான்தான் நம்ம தெருவுல வேணாம்னேன். அறுவது வயசுல நான் விழுறத கோயில்ல பாக்குற அத்தன பேரும் பாக்கணுமா? தெரிஞ்ச மூஞ்சி இல்லாத எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்கன்னேன். அதுக்குத்தான் உங்க கிட்ட ரேக்கு ரேக்குன்னு நச்சரிச்சாரு."

மாமா, இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லக்கூடாது என்று அத்தை வாயைக் கட்டியிருப்பார். நீங்களும் சாகும்வரை அதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். சொல்லியிருந்தால் அன்றைக்கே வாங்கியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை. வாங்கியிருப்பேனா? தெரியவில்லை. நடுரோட்டில் நின்று அழுதேன்.

"அழுவாதீங்க மாப்பிள்ளை. சீட்டப் பிடிங்க."

சீட்டை இறக்கிவைத்துப் பிடித்தேன். முதல் தடவை புல்லில் சாய்ந்தார், ஸ்டெல்லா அலறினாள். இரண்டாவது தடவை சாய்ந்தபோது அத்தை சிரித்தார். எத்தனை நாள் ஆயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! மூன்றாவது தடவை பெடல் சுற்ற ஆரம்பித்தது. நாற்காலியிலேயே வளர்ந்த தொப்பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

"பிடிச்சிருக்கீங்களா?"

"பிடிச்சிருக்கேன் அத்தை!"

கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "அவரா இருந்தா இந்நேரம் விட்டிருப்பாரு."

எனக்கு விட மனசு வரவில்லை மாமா. வருகிற சனிக்கிழமையும் போகிறோம், அதற்கடுத்த சனிக்கிழமையும். ஒன்றுகூடத் தவறாது, உங்கள் மேல் சத்தியம். ஒருநாள் அவரிடம் சொல்லாமல் கையை எடுத்துவிடுவேன். அத்தை போய்க்கொண்டே இருப்பார்.

அதுவரை மூச்சு வாங்கப் பின்னால் ஓடும்
உங்கள் மாப்பிள்ளை,
லூர்து