கடைசி ரீலில் நடந்தது

மச்சான்,

பேத்தியின் கைப்பேசியில், அன்று நாம் பார்த்த அந்த இங்கிலீஷ் படம் ஓடியது. படத்தில் இருப்பவர்கள் பேசப் பேச அடியில் தமிழில் எழுத்து வந்தது. நானே படித்தேன். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வரி ஓடிவிடும் என்பதால் அவள் நிறுத்தி நிறுத்திப் போட்டாள். ஒன்றரை மணி நேரப் படத்தை மூன்று நாளாகப் பார்த்தேன். நாம் ராட்சசப் பல்லி என்றோமே, அதற்கு டைனோசர் என்று பெயராம்.

அன்று கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் பகல் ஷிப்ட் முடிந்து, கைக் கரியோடு டென்ட் கொட்டகைக்கு ஓடினோம். இரண்டு கொட்டகைக்கும் படப்பெட்டி ஒன்றுதான். பக்கத்து ஊர்க் கொட்டகையில் ஒவ்வொரு ரீலும் ஓடி முடிந்ததும் சைக்கிளில் இங்கே வரும். படத்தில் காட்டுக்குள் போனவர்களில் ஒருவனுக்குக் கால் ஒடிந்தது. அவனைக் குகையில் விட்டுவிட்டு மற்றவர்கள் ஓடினார்கள். ராட்சசப் பல்லி குகை வாசலுக்கு வந்தது. அத்தோடு திரை வெளுத்தது. அன்றைய மழையில் கடைசி ரீல் வரவேயில்லை.

“திரும்பி வந்து தூக்கினு போயிருப்பானுங்க,” என்றாய்.

“உயிருக்கு பயந்து ஓடுறவன் இன்னாத்துக்குடா திரும்பி வர்றான்?” என்றேன்.

“நீயா இருந்தா வரமாட்ட. அதான் அப்டி பேசுற.”

நாற்பது வருஷம் இதையே சொல்லிச் சீண்டினாய். என் மகள் கல்யாணப் பந்தியில்கூட விடவில்லை.

நீ சென்னையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, “நாளைக்கு வர்றியா?” என்று கேட்டாய். வந்தேன், மச்சான். உன் கட்டிலில் வேறு ஆள் இருந்தார். உன்னை வேறு பிரிவுக்கு மாற்றியதாகச் சொல்லி ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகைக்கு முன்னாலும் நின்றேன். எல்லாம் கோடும் சுழியுமாகத் தெரிந்தது. போகிற ஒருவரிடம் நீட்டினேன். “மேல போர்டுல போட்டிருக்கு பாருங்க, பெரியவரே,” என்று சொல்லிவிட்டுப் போனார். படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் மகளோடு வரலாம் என்று ரயில் ஏறிவிட்டேன்.

காலையில் உன் மகன் போன் செய்தான். “கடைசி வரைக்கும் நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டுக்கினே இருந்தாரு, மாமா.”

அடுத்த மாதம் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். ரயிலடிப் பலகையை முதல் முறை படித்த அன்று, அவ்வளவு நீளமான நம் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். வந்ததும் அந்தச் சீட்டை எடுத்துப் படித்தேன். நெஞ்சகப் பிரிவு, முதல் மாடி. நான் திரும்பிப் போன படிக்கட்டுக்கு மேலேதான் நீ இருந்திருக்கிறாய்.

நேற்று கடைசிக் காட்சி வந்தது. நீ சொன்னதுதான் சரி. திரும்பி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் ஏதோ சொன்னான். பேத்தி நிறுத்தினாள். ‘வருவீர்கள் என்று தெரியும்’ என்று இருந்தது. ஒரே மூச்சில் படித்துவிட்டேன்.

“இன்னா தாத்தா, முடிச்சிட்டியா?”

“இல்ல கண்ணு. கொஞ்சம் இரு,” என்றேன்.