உப்பு டப்பா என்னோட வருது

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. அதுக்காகக் கோபம் போயிடுச்சுன்னு நினைச்சுக்காதீங்க. "ஸ்கூட்டர் ரிப்பேரா கெடக்கு, காட்டுக்கு எப்படிப் போறது?"ன்னு கேட்டுட்டுக் குறட்டை விட்டவர் நீங்கதான். நான் பஸ்ல சாத்தம் போய், ஃபெர்ரியில பாம்பூஃபிளாட் போறேன். அங்கேருந்து மவுண்ட் ஹேரியட் அடிவாரத்துக்கு பஸ் இருக்கு. அப்புறம் காலா பத்தர் பாறை வரைக்கும் காட்டுக்குள்ள நடை.

அடுத்த மாசம் உங்க ட்ரான்ஸ்ஃபரோட நானும் இந்தத் தீவை விட்டு மெயின்லேண்டுக்கு வந்துடுவேன், சொன்ன சொல் மாற மாட்டேன். ஆனா நான் பொறந்த ஊர்க் காட்டைக் கப்பல்லேருந்து மட்டும் பார்த்துட்டு வர மாட்டேன்.

இட்லி ஹாட்பாக்ஸ்ல, சாம்பார் அடுப்பு மேல. மீன்காரர் வந்தா இன்னைக்கு வேணாம்னு சொல்லிடுங்க. வெளியே கிளம்பினா சாவியை எதிர்வீட்டு மொண்டல் அக்காகிட்ட குடுங்க.

செண்பகம்

பி.கு.: சாம்பார்ல உப்பு இல்ல. மறக்கல, போடாமத்தான் வச்சேன். மழை பெஞ்சு காடு பூரா அட்டை. காலைக் கவ்வுனா உப்பு வேணுமே, டப்பாவோட எடுத்துட்டேன்.

இன்னொண்ணு: உங்க ஷூவைத் தொடச்சு வாசல்ல வச்சிருக்கேன். பாம்பூஃபிளாட் படகுத்துறையில டீ குடிச்சுக்கிட்டு இன்னும் ரெண்டு ஃபெர்ரி வர்ற வரைக்கும் உங்களுக்காகப் பார்ப்பேன், அப்புறம் பஸ் ஏறிடுவேன்.

இட்லியையும் சாம்பாரையும் தூக்குல எடுத்துட்டு வாங்க. உப்பு என்கிட்ட இருக்கு.