கோள்சொல்லிப் பெட்டிகள்

மார்ச் 3, செவ்வாய்

இதை எழுதுபவன் கார்களின் மின்சார நோய்களைத் தீர்ப்பதில் பூமியின் இந்தப் பாதியில் நிகரற்றவன். அப்படி நானே அறிவித்துக்கொண்டு இருபது வருடம் ஆகிறது. எதிர்த்து யாரும் மனுப் போடவில்லை. அப்பேர்ப்பட்டவன் சத்தியம் செய்து சொல்கிறேன்: இனி வரும் பக்கங்களை ஒருவரும் நம்பப் போவதில்லை. நம்புகிறவருக்கு மூளையில் பழுது. நான் மூளை பார்ப்பதில்லை, கார் மட்டும்தான்.

காலையில் அக்கா மகள் பட்டறைக்கு வந்தாள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அங்கே எல்லோருக்கும் அவள் டீச்சரம்மா. கேலிக்கு நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். போன வாரம் நாற்சந்தியில் அவள் கார் திடீரென்று செத்துவிட்டது. டாஷ்போர்டு விளக்குகள் அத்தனையும் எரிந்தன, ஸ்டீயரிங் கல்லானது, நடைபாதைக் கம்பத்தில் போய் முட்டி நின்றது. கற்றுக்கொள்ள வந்த தையல்காரம்மாவுக்கு மணிக்கட்டு சுளுக்கு. இதற்கு முன்பே இரண்டு தடவை விளக்குகள் கண நேரம் எரிந்து அணைந்ததை இவள் சொல்லியிருக்கிறாள். கேட்பார் இல்லை.

ஸ்கூல் முதலாளிக்கு நான் வைத்த பெயர் விசில். கழுத்தில் எப்போதும் ஒன்று தொங்கும், எதற்கென்று அவருக்கே தெரியாது. ஸ்கூல் காரில் டீச்சர் சீட்டுப் பக்கமும் ஒரு பிரேக் பெடல் உண்டு. விசிலின் தீர்ப்பு இதுதான்: "கத்துக்கறவங்க கிளட்ச்ச மிதிக்கறதுக்குள்ள இவ பிரேக்க அமுக்கிட்டா. அமுக்கினா எந்த வண்டியும்தான் நிக்கும். வண்டி மேல தப்பு இல்ல."

வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்குள் வேறு காரணம் காட்டாவிட்டால் லைசென்ஸ் ஆபீசுக்குக் கடிதம் போகும். அவள் கற்றுக்கொடுக்கும் அனுமதி ரத்தாகும். அதன் பிறகு எந்த ஊர் ஸ்கூலிலும் அந்த சீட்டில் அவள் உட்கார முடியாது. எட்டு வருட வேலை.

வந்த கோபத்தில் நான் ஊதிய மூச்சுக்கு எதிர்க்கடை ஷட்டர் தானாக இறங்கியது.

மார்ச் 4, புதன்

கார் வந்தது. அதில் நாற்பத்திரண்டு பெட்டிகள். எஞ்சினுக்கு ஒரு மூளைப்பெட்டி, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, கதவுக்குக்கூட ஒன்று. இத்தனை பேரும் ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டே இரண்டு ஒயர்களில் பேசிக்கொள்கிறார்கள். என் ஸ்கேனரைச் செருகினால் யார் என்ன புகார் எழுதி வைத்திருக்கிறார் என்று படித்துச் சொல்லும். அதன் பெயர் கோள்சொல்லி.

எஞ்சின் பெட்டி: பிரேக் பெட்டி என்னோடு பேசவில்லை. பிரேக் பெட்டி: ஸ்டீயரிங் பெட்டி பேசவில்லை. ஸ்டீயரிங் பெட்டி: எஞ்சின் பெட்டிதான் முதலில் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. சொத்துப் பிரித்த வீடு மாதிரி இருக்கிறது.

எல்லோரும் எல்லோரையும் குறை சொன்னால் ஆட்கள் மேல் தப்பில்லை, நடுவில் இருக்கும் ஒயரில் தப்பு. இது எனக்குத் தெரியும். விபத்துக்குப் பிறகு விசில் காரை அனுப்பிய பெரிய சர்வீஸ் சென்டர்காரர்களுக்குத் தெரியவில்லை. பட்டியலில் முதல் பெயர் பிரேக் பெட்டி என்று பார்த்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று போட்டு, "வண்டி ஓகே, ஓட்டுநர் தவறு" என்று சீல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த சீலைப் பிடுங்கி அவர்கள் நெற்றியிலேயே குத்தினால் என்ன?

மார்ச் 6, வெள்ளி

பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஒயர்களுக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். அறுபது ஓம் காட்டினால் ஆரோக்கியம். அறுபதுதான் காட்டியது. கூட இல்லை, குறைய இல்லை. அப்படி ஒரு அறுபதை நான் பார்த்ததே இல்லை. சனியன்.

ஒயர் கட்டுகளை உலுக்கினேன், முறுக்கினேன், திட்டினேன். அறுபது. வெளியே எடுத்துப்போய் ஓட்டினேன். குழி, மேடு, திருப்பம், ஐந்நூறு தடவை பிரேக். கார் பட்டுப்போல ஓடியது.

மார்ச் 7, சனி

இன்றும் ஒன்றுமில்லை. ஸ்பானரை மேலே எறிந்தேன். இன்னும் கீழே வரவில்லை.

மார்ச் 9, திங்கள்

விசில் போன் செய்தார். குரலில் வெண்ணெய்.

"என்ன சார், வண்டி நல்லாத்தான ஓடுது?"

"ஓடுது."

"அப்ப நான் சொன்னதுதான். நீங்களும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துட்டா வேலை சுலபம். அவ மாமாவே சொல்லிட்டார்னு ஆகிடும்."

என் கையால் எழுதித் தர வேண்டுமாம். என் அக்கா மகளுக்கு எதிராக. போனை வைத்த வேகத்தில் மேசை பூமிக்குள் ஒரு முழம் இறங்கியது.

இதுதான் கொடுமை. இந்த மீட்டர் நல்ல சேதி சொல்லச் சொல்ல அவள் கழுத்தில் கயிறு இறுகுகிறது. பழுது இல்லையென்றால் பழி அவள் மேல். மூன்று நாளாக நான் அவளுக்கு எதிராகத்தான் சாட்சி சேர்த்துக்கொண்டிருக்கிறேனா?

மத்தியானம் கட்டிங் பிளேயரைக் கையில் எடுத்தேன். ஒரே ஒரு ஒயர். நானே வெட்டி, நானே கண்டுபிடித்து — யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றேன். பிறகு பிளேயரைக் கருவிப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். இதில் மிகையில்லை, வேடிக்கையும் இல்லை. அவள் கேட்டால் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வேன்?

மார்ச் 10, செவ்வாய்

வந்தாள். உட்காரவில்லை.

"என்ன மாமா, ஏதாச்சும் கெடச்சுதா?"

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஐநூறு தடவ பிரேக் போட்டுட்டேன். நானே போட்டேன். சும்மா ஆளில்ல நான்."

"எந்த சீட்ல உக்காந்து போட்டீங்க?"

"இதென்ன கேள்வி. டிரைவர் சீட்லதான். பின்ன டிக்கியில உக்காந்தா ஓட்ட முடியும்?"

"என் சீட்ல ஒரு பிரேக் இருக்கு. அத மிதிச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அதனால் கத்தினேன். "எனக்கே பாடம் எடுக்கறியா? நீ மிதிச்சாலும் நான் மிதிச்சாலும் பிரேக் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா ஏன் ரெண்டு பெடல் வெச்சிருக்கு? விசிலும் நான் சொன்னதக் கேக்கல. சர்வீஸ்காரங்களும் கேக்கல. நீங்க அவங்கள விட மோசம். அவங்க என்னைய திட்டிட்டுக் கேக்கல, நீங்க செல்லம் கொஞ்சிக்கிட்டே கேக்கல."

பிறகு, வகுப்பில் பேசும் குரலில்: "ஏறுங்க. சீட் பெல்ட்."

உலகின் தலைசிறந்த மின்சார வைத்தியன், தலை நரைத்த பிறகு, மாணவனாக ஏறினான். பட்டறைக்குப் பின்னால் காலி மைதானம். இரண்டாவது கியர்.

"கண்ணாடி பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பாக்கல. நேரா போங்க."

சொல்லிவிட்டு அவள் பெடலை அமுக்கினாள். டாஷ்போர்டு கல்யாண மண்டபம் மாதிரி எரிந்தது. ஸ்டீயரிங் என் கையில் கல்லானது. கார் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. என் பெடல் என் கால் படாமலேயே கீழே போயிருந்தது.

அவள் ஹேண்ட்பிரேக்கைப் போட்டாள். முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பதில் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

பேட்டரியைக் கழற்றி மீட்டர் வைத்தோம். அவள் மிதித்தாள்: அறுபது, பூஜ்யம். காலை எடுத்தாள்: அறுபது. மறுபடி மிதித்தாள்: பூஜ்யம். அவள் பெடலில் இருந்து ஒரு கேபிள் டிரைவர் பெடலுக்குப் போகிறது. ஒருவழிப் பாதை. அவள் மிதித்தால் டிரைவர் பெடல் இறங்கும். டிரைவர் மிதித்தால் அவள் பெடல் அசையக்கூட அசையாது. நான் ஐந்நூறு இல்லை, ஐந்து லட்சம் தடவை மிதித்திருந்தாலும் அது அசைந்திருக்காது.

டார்ச்சோடு தலைகீழாக உள்ளே படுத்தேன். அந்தப் பெடலைத் தாங்கும் தகட்டில் ஒரு போல்ட், தேவைக்கு மேல் ஒரு விரல்கணு நீளம். மிதிக்கும்போது தகடு வளைந்து, போல்ட்டின் நுனி பின்னாலிருக்கும் ஒயர் கட்டில் குத்துகிறது. மேல்தோல் தேய்ந்து செம்பு தெரிகிறது. இரண்டு ஒயரும் அங்கே ஒட்டினால் பெட்டிகள் அத்தனையும் ஊமை.

"கெடச்சிடுச்சு" என்றேன், படுத்தபடியே. வெளியே வர மனமில்லை.

மார்ச் 13, வெள்ளி

விசிலை வரச்சொல்லி, டீச்சர் சீட்டில் உட்கார வைத்து, அவர் காலாலேயே மிதிக்க வைத்தேன். விளக்குகள் எரிந்தன. முகம் அணைந்தது.

"போல்ட்டு கொஞ்சம் நீளமாப் போச்சு போல" என்றார்.

"யார் போட்டது?"

"நம்ம கேட்டுக்கு வெல்டிங் பண்ண வந்தவன். கையோட இதையும் போட்டான்."

நான் கர்ஜித்த கர்ஜனையில் அவர் கழுத்து விசில் தானாக ஊதியது. கடிதத்தைக் கிழித்துவிட்டு, பக்கத்தில் நின்ற அவளிடம், "நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

அவள் ஏற்றுக்கொள்ளவில்லை. "வாயால சொன்னா பத்தாது சார். ரெஜிஸ்டர்ல என் பேருக்கு நேரா ஓட்டுநர் தவறுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்குக் கீழயே, எது தவறுன்னு எழுதுங்க. மத்த மூணு வண்டியிலயும் போல்ட்ட மாமா பாக்கட்டும். அதுவரைக்கும் நான் வர்றதா இல்ல."

ஸ்கூலிலிருந்து ரெஜிஸ்டரை வரவழைத்து எழுதினார். அவள் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தச் சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

காலை பத்தரைக்கு ஸ்கூல் கார் பட்டறையைத் தாண்டிப் போனது. ஆமைகள் ஓவர்டேக் செய்யும் வேகம். ஓட்டியது தையல்காரம்மா, மணிக்கட்டில் துணிக்கட்டோடு. பக்கத்தில் டீச்சரம்மா. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேலை நேரம்.

பிறகு ஒரு பேக்கரிக்காரர் வேனோடு வந்தார். "வலது பக்கம் திரும்பினா வண்டி இருமுது சார்" என்றார். கோள்சொல்லியை எடுக்கப் போன கையை நிறுத்தி, வேலைச்சீட்டில் முதல் வரியாக "இருமுது" என்று அப்படியே எழுதினேன். அப்போது எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதற்கு முன் உள்ள பக்கங்களை யாரும் நம்ப வேண்டாம். பெட்டிகள் நாற்பத்திரண்டு இல்லை, பதினொன்று. ஸ்பானர் அன்றைக்கே கீழே விழுந்தது, என் கால் மேல். விசிலிடம் நான் கர்ஜிக்கவும் இல்லை, மெதுவாகப் பேசியதால் "என்ன?" என்று இரண்டு முறை கேட்டார். ஒரு சின்ன விஷயம் மட்டும் நிஜம், அதை நான் எழுதவே இல்லை. மூன்றாம் தேதி, பட்டறைக்குள் வந்ததும் வராததுமாக அவள் சொன்ன முதல் வாக்கியம்: "நான் மிதிக்கறப்ப மட்டுந்தான் மாமா வருது."