சுற்ற மறுத்த கிராங்க்

மார்ச் 3, திங்கள்

பழைய டிராக்டரின் எஞ்சினைப் பிரித்தாயிற்று. உள்ளே சுற்றுகிற தண்டான கிராங்க்ஷாஃப்டைப் பிடித்திருக்கும் ஐந்து கேப்களும், அந்த அரைவட்ட மூடிகள், கழன்றன. கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் என் பக்கமாக ஒன்று, இரண்டு என்று பஞ்ச் அடித்துவிடுவேன். திருப்பிப் பூட்டும்போது எண்கள் எல்லாம் என்னைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவதன் போல்ட் மட்டும் அசையவே இல்லை. எஞ்சினைச் சுற்றிச் சுவர்ப் பக்கம் போய், ரெஞ்சில் குழாயைச் செருகித் தொங்கினேன். கடக்கென்று விட்டது. அங்கேயே நின்று அதற்கும் எண் அடித்தேன். தோள்பட்டை வலிக்கிறது. இருந்தாலும் அந்த போல்ட்டைவிட எனக்குத்தான் பிடிவாதம் அதிகம்.

ஷாஃப்ட், தேய்த்துச் சமப்படுத்தத் தம்பியின் லேத் பட்டறைக்குப் போய்விட்டது.

மார்ச் 8, சனி

தேய்த்து அனுப்பிவிட்டான். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. பாராட்டவில்லை. பாராட்டினால் தலைக்கனம் ஏறிவிடும். எங்கள் குடும்பத்தில் அதற்கு நான் ஒருத்தி போதும்.

மார்ச் 10, திங்கள்

சுற்றவில்லை! புது பேரிங், சொட்டச் சொட்ட எண்ணெய், எல்லாம் போட்டும் கேப்களை இறுக்கியதும் கிராங்க் கல்லாகிவிட்டது. பதறுகிற ஆளா நான்? எல்லாவற்றையும் தளர்த்தினேன். ஒவ்வொன்றாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் கையால் சுற்றிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு – வழுக்கிக்கொண்டு போனது. மூன்று – பிடித்துக்கொண்டது. மூன்றை மட்டும் தளர்த்தி, நான்கையும் ஐந்தையும் இறுக்கினால் ஒரு விரலால் சுற்றலாம். ஆக, கோளாறு மூன்றில். மூன்றைத் தேய்த்தது யார்?

டிராக்டர்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். மழைக்கு முன்னால் உழுதாக வேண்டும் என்று தினமும் வந்துவிடுகிறார். டீ குடிக்க வந்த நாலு பேரும் இருந்தார்கள். "லேத்துல சொதப்பிட்டான். என் தம்பிதான், ஆனா தப்பு தப்புதானே?" என்றேன். என் நேர்மையைப் பார்த்து எல்லோரும் தலையாட்டினார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

தம்பி மைக்ரோமீட்டரோடு வந்தான். ஷாஃப்டைக் கழற்றி, மூன்றாவது இடத்தை நாலு பக்கமும் அளந்தான்.

"அளவு சரியா இருக்கு."

"உன் மைக்ரோமீட்டரால யாராவது ஆணி அடிச்சிருப்பாங்க."

சிரிக்கவில்லை. "டிராக்டர்காரர் எங்கிட்ட குடுத்திருந்த இன்னொரு ஷாஃப்டையும் திருப்பி வாங்கிட்டுப் போயிட்டார். நீங்க சொன்னீங்களாம்" என்றான்.

நீங்களாம்! பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றவன்.

மார்ச் 12, புதன்

தம்பி போனை எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் போகட்டும்.

மார்ச் 13, வியாழன்

என்ன தேதியில் என்ன நடந்தது என்று அவனிடம் அடுக்கிக் காட்டுவதற்காகக் காலையில் இந்த நோட்டையே புரட்டினேன். மூன்றாம் தேதியைப் படித்தேன். மறுபடி படித்தேன். சுவர்ப் பக்கம் போய்... அங்கேயே நின்று... அடிப்பாவி!

மற்ற நான்கு எண்களும் ஒரு பக்கம், மூன்று மட்டும் எதிர்ப்பக்கம். அதையும் என்னைப் பார்க்க வைத்துப் பூட்டியிருக்கிறேன். அதாவது முன்பின்னாக. இந்தப் பழைய எஞ்சினில் பேரிங் நகராமல் பிடிக்க நடுவில் ஒரு முளைதான், பக்கம் காட்ட வேறு அடையாளம் இல்லை. கேப்பை எப்படித் திருப்பிப் போட்டாலும் சமர்த்தாக உட்கார்ந்துவிடும். ஷாஃப்டை மறுபடி ஏற்றி, மூன்றைப் பழையபடியே பூட்டி, கேப்பும் பிளாக்கும் சேருகிற இடத்தை நகத்தால் தடவினேன். காகிதக் கனத்துக்கு ஒரு படி தட்டுப்பட்டது; ஷாஃப்டை நெரித்தது அதுதான். திருப்பிப் போட்டேன், ஐந்தையும் முழுசாக இறுக்கினேன், சுற்றியது.

உண்மையைச் சொல்ல வேண்டும், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். கண்டுபிடித்துவிட்டேனே! அப்புறம்தான் உறைத்தது. நாலு பேர் முன்னால் அவன் பேரைக் கெடுத்தேனே. எந்த முகத்தோடு போவது?

மார்ச் 14, வெள்ளி

இருக்கிற முகத்தோடுதான் போனேன். டிராக்டர்காரரையும், அந்த நாலு பேரில் கிடைத்த மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு லேத் பட்டறைக்கே. "கேப்பை மாத்திப் போட்டது நான். இவன் வேலையில ஒரு குறையும் இல்ல."

"அன்னிக்கு அவ்வளவு உறுதியாச் சொன்னீங்களேம்மா?" என்றார் டிராக்டர்காரர்.

"தப்பாச் சொன்னாலும் நான் உறுதியாத்தான் சொல்வேன்."

அவர்கள் சிரித்தார்கள். தம்பி மெஷினை நிறுத்தவே இல்லை. டிராக்டர்காரர் அந்த இன்னொரு ஷாஃப்டைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அதற்கு மட்டும் "சரி" என்றான்.

மார்ச் 19, புதன்

முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது. டிராக்டர் வயலுக்குப் போய்விட்டது. என் கை என் கைதான்.

மார்ச் 26, புதன்

அடுத்த எஞ்சினின் ஷாஃப்டைத் தம்பியே கொண்டுவந்தான். கூடவே ஒரு சீட்டு: ஒவ்வொரு இடத்தின் அளவும், கீழே 'அளந்து பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துக்கு ஒரு கோடும். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் சீட்டு இருந்ததில்லை.

பேனாவை எடுத்தேன்.

"அளந்து பாத்துட்டுப் போடுங்க" என்றான்.

"நீ அளந்தாச்சுல்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.