கோணிய வளையம்

அன்புத் தங்கைக்கு,

நீயும் பிள்ளையும் நலமா? கூடப் பிறக்காவிட்டாலும் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடம் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாய். அந்த உரிமையில் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

இங்கே உலைக்குப் புதுச் செங்கல் வைத்தாயிற்று. தலைமை ஆய்வாளருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்தது. அடுத்தவர் தப்பு இப்போது அவருக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

என் தப்பை நானே போய்ச் சொன்னேன்.

உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசையை அளக்க நம்மிடம் இரண்டு பிளாட்டினம் வளையங்கள் இருந்தன அல்லவா? தராசில் தொங்கும் வளையத்தைக் கண்ணாடிக் குழம்பில் தொடவிட்டு, சக்கரத்தைத் திருப்பி, குழம்பு இருக்கும் மூசையை மெல்ல இறக்குவாய். கண்ணாடி வளையத்தைப் பற்றிக்கொண்டு தோல்போல நீண்டு அறும். அந்த நொடியில் தராசு காட்டுவதுதான் அளவு. உனக்கு மட்டும் தடவைக்கு ஒரு எண் வந்தது.

உன் வளையத்தைக் கழுவும்போது கீழே போட்டவள் நான். கோணிப்போனதை இடுக்கியால் நிமிர்த்திப் பெட்டியில் வைத்துவிட்டேன். அதைச் சரிபார்க்கும் பொறுப்பும் என்னுடையதே. பார்க்காமலே பார்த்ததாகக் கையெழுத்திட்டேன். என் அளவுகளுக்கு மட்டும் நல்ல வளையத்தை எடுத்துக்கொண்டேன்.

"கை நடுங்குற ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்று தலைமை ஆய்வாளர் எல்லோர் முன்னும் கேட்டார். அன்று மாலை நீ இரண்டு கைகளையும் என் முன் நீட்டி, "அக்கா, உண்மையச் சொல்லுங்க, நடுங்குதா?" என்றாய். ஒரு விரல்கூட அசையவில்லை. நான் "கொஞ்சம்" என்றேன். மறுவாரமே நீ வேலையை விட்டாய்.

போன மாதம் உன் வீட்டுக்காரர் தொலைபேசியில் பேசினார். பிள்ளைக்கு மருந்துகூட நீ ஊற்றுவதில்லையாம். "என் கை நடுங்கும், நீங்களே ஊத்துங்க" என்கிறாயாம்.

திங்கட்கிழமை தலைமை ஆய்வாளரிடம் போனேன். "முடிஞ்ச கதைய ஏம்மா கிளறுறீங்க?" என்றார். அவர் பார்க்க அந்த வளையத்தில் நானே அளந்தேன். ஐந்து தடவை, ஐந்து எண். பதிவேட்டில் நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. என்னை அளவைப் பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உன்னை வேலைக்குத் திரும்ப அழைத்து அவரே கடிதம் எழுதுவதாகச் சொன்னார்.

வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. மன்னித்துவிடு என்று கேட்க முகமும் இல்லை. பிள்ளைக்கு அடுத்த வேளை மருந்தை மட்டும் நீயே ஊற்று, தாயே. ஒரு சொட்டும் சிந்தாது.

தலைகுனிந்து,
அக்கா